ஏத்தங்காய்ப் பொடி (நேந்திரன் வாழைக்காய்ப் பொடி) அல்சரை ஆற்றும் என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்களாமே, டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். வாட்ஸப்பில் யாரோ அனுப்பியதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எம்.ஃபார்ம் (மருந்தியல் முதுகலை) படிக்கும்போது இதே ஏத்தங்காயை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தவன் நான். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் திருவட்டாறு பக்கத்துக் காய். தோல் சீவி, வட்டமாக அரிந்து, உலர்த்திப் பொடித்தோம். சில எலிகளுக்குப் பொடி, சிலவற்றுக்கு ஒமிப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். பட்டினி போட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் ஆஸ்பிரின். கடைசியில் இரைப்பையை அறுத்து, உப்புநீரில் அலசி, பலகையில் விரித்துக் குண்டூசி குத்தி, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டும் குடித்த எலிக்குக் கருஞ்சிவப்பாகக் கோடு கோடாகப் புண். பொடி தின்றதற்கு அங்கங்கே ஒரு புள்ளி, அவ்வளவுதான். எங்கள் ஊர்க் காய் அல்லவா, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இது நாங்கள் புதிதாகக் கண்டதல்ல. பச்சை வாழைக்காய்ப் பொடி எலிகளுக்கு ஆஸ்பிரினால் வரும் புண்ணைத் தடுக்கிறது, வந்த புண்ணையும் ஆற்றுகிறது என்று 1984-லேயே பிரிட்டனில் எழுதிவிட்டார்கள். அதற்குக் காரணம் லூக்கோசயனிடின் என்ற பொருள் என்று 1999-ல் இன்னொரு ஆய்வு வந்தது. காய் பழுத்தால் இந்தக் குணம் போய்விடும். மட்டி வாழைப்பழம் தின்றால் அல்சர் ஆறும் என்று வீடியோ போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆனால் எலிக்குப் புண்ணை வரவைத்தது நாங்கள். மனிதருக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் கிருமியால் வரும், இல்லையென்றால் வலி மாத்திரையால் வரும். என் அப்பாவுக்கு இரண்டுமே இருந்தது. பாட்டத்துக்கு, அதாவது குத்தகை நிலத்தில், வாழை வைத்தவர். குலை சுமந்து முதுகு போய், விடியக்காலம் கட்டன் சாயாவோடு வலி மாத்திரை. அம்மா தினமும் ஏத்தங்காய்க் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். அப்படியும் ஒருநாள் புண்ணில் ரத்தம் கசிந்து மலம் தார்போலக் கறுத்துப் போயிற்று. என்டோஸ்கோப்பியில் புண்ணும் கிருமியும் தெரிந்தன. வலி மாத்திரையை நிறுத்தி, இரண்டு வாரம் ஆன்டிபயாடிக், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை. அதற்குப் பிறகுதான் ஆறியது.

அவர் அப்படி மாடாய் உழைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் குலை தள்ளிய வாழை மொத்தமும் சாய்ந்தது. பட்டா அவர் பெயரில் இல்லை என்று நிவாரணம் தர மறுத்துவிட்டார்கள். நட்டவனுக்குக் கடன், நிலத்துக்காரருக்குப் பணம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அலோபதிக்கு விலைபோனவன் என்று திட்ட வருகிறவர்களுக்கு: என் குழந்தைக்கே ஏத்தங்காய்ப் பொடிக் கூழ்தான் கொடுத்தோம். உணவாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டார்களா என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மலம் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.