ஸ்டீரியோ மாற்றியதும் மீட்டர் லைட் போனது ஏன்?

கேள்வி: ஐயா, என்னுடையது 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார். ஆன்லைனில் வாங்கிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை நானே மாட்டினேன். பாட்டு நன்றாகக் கேட்கிறது. ஆனால் அன்றிலிருந்து ராத்திரியில் மீட்டர் லைட் எரியவில்லை. இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரிக்கு ஒரு வயதுதான் ஆகிறது. மாற்ற வேண்டுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: பேட்டரிக்கு அப்புறம் வருவோம். இன்றைக்கு இருட்டியதும் பார்க் லைட்டைப் போட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அநேகமாக டெயில் லாம்பும் எரியாது. பல கார்களில் மீட்டர் லைட்டுக்கும் டெயில் லாம்புக்கும் ஒரே ஃபியூஸ். ஹெட்லைட் ஃபியூஸ் தனி என்பதால் முன்னால் வெளிச்சம் இருக்கும், ஓட்டுகிற உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் பிரேக்கை மிதித்தால்தான் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்கள் வண்டி கண்ணில் படும். இதைச் சரிசெய்கிற வரை தயவுசெய்து ராத்திரியில் வண்டியை எடுக்காதீர்கள்.

ஸ்டீரியோவில் ஆரஞ்சு வயர் ஒன்று வரும். பார்க் லைட் போட்டதும் ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைப்பதற்கான வயர் அது. அதோடு சேர வேண்டிய, காரிலிருந்து வருகிற வயரின் முனை மூடாமல் கிடந்து பாடியில் பட்டால் அந்த ஃபியூஸ் போய்விடும். ஸ்டீரியோவை வெளியே இழுத்து, டார்ச் அடித்து உள்ளே இருக்கிற இரும்புப் பட்டையைப் பாருங்கள். கடுகளவு கருகிய புள்ளி தெரிந்தால் அங்கேதான் உரசியிருக்கிறது. முனையை மூடிவிட்டு, அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பெரிய ஃபியூஸ் வேண்டவே வேண்டாம். 10 ஆம்பியர் இடத்தில் 30 போட்ட வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது, டேஷ்போர்டுக்குள் வயர்க்கட்டு உருகி ஒரே கட்டியாகக் கிடந்தது. உள்ளே இருந்தவர்கள் புகையைப் பார்த்து உடனே இறங்கியதால் தப்பித்தார்கள்.

சரி, பேட்டரி. ஸ்டீரியோவின் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும். சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ தூங்காது. அரை ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் (பேட்டரி கொள்ளளவைச் சொல்லும் அளவு) போய்விடும். உங்களுடையது 35 ஆம்பியர்-அவர் பேட்டரியாக இருந்தால் இரண்டு நாளில் 24 போய்விடும். உங்கள் கணக்கோடு பொருந்துகிறது, பாருங்கள்.

மல்டிமீட்டரில் உறுதி செய்யலாம். சாவியை எடுத்து, கதவுகளை மூடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரைக் கொடுங்கள். அந்த நேரத்தில் செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும், கவனம். அரை மணி நேரம் கழித்து 0.05 ஆம்பியருக்குக் கீழே காட்டினால் நல்லது. அதிகமாக இருந்தால் ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்குங்கள். சட்டென்று இறங்கினால் குற்றவாளி ஸ்டீரியோதான்.

காரிலிருந்து வருகிற வயர்களில் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரில் பார்த்தே இணையுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் நம் ஊர் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி வயரைப் பிடித்துக்கொள்ளும் குழாய்) போடுங்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் (வயரை வெட்டாமல் அப்படியே செருகுகிற இணைப்பு) கிடைத்தால் இன்னும் நல்லது.

புது பேட்டரி இப்போது வேண்டாம். சார்ஜரில் மெதுவாக முழுதும் ஏற்றி, ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் 12.6 வோல்ட் பக்கம் நின்றால், கடையில் ஒருமுறை லோடு டெஸ்ட் (பாரம் கொடுத்து பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பது) பார்த்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டலாம்.

கேள்வி: ஆம்ப்ளிஃபையர் போட்ட பிறகு, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஊய்' என்று சத்தம் ஏறுகிறதே?
– வாசகி, தாராபுரம்

பதில்: அது ஆல்டர்னேட்டர் சத்தம். முதலில் எர்த்தைப் பாருங்கள். கறுப்பு வயரைப் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருந்தால், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஆடியோ கேபிளை பேட்டரி கேபிளோடு சேர்த்துக் கட்டாமல் வண்டியின் அடுத்த பக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.