வெள்ளிக் கொலுசில் லேசர்: ஒரு கண்ணி பிடிக்கவில்லை, அடுத்த கண்ணியில் ஓட்டை

கேள்வி: தென்னாப்பிரிக்கா டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நகை பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அண்மையில் ஒருவர் பயன்படுத்திய லேசர் வெல்டிங் மிஷின் ஒன்றை வாங்கினேன். விளக்கு வைத்த வகை, ஒளியின் அலைநீளம் 1064 நானோமீட்டர். 22 காரட் தாலிச் சங்கிலி அருமையாகப் பிடிக்கிறது. வெள்ளிக் கொலுசுக்கு வந்தால் சில கண்ணிகளில் ஒன்றுமே நடப்பதில்லை. சிலவற்றில் அதே அளவில் ஒரே அடியில் ஓட்டை விழுகிறது. தைப்பூசத்துக்கு முன் கொடுக்க வேண்டிய வேலை குவிந்து கிடக்கிறது. சரியான அளவு என்ன? எழுத்துப் பொறிக்கும் ஃபைபர் லேசர் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து ஒட்டலாமா?

பதில்: மிஷின் கெட்டுப்போகவில்லை. திரையில் தெரியும் ஜூல் கணக்கு, லேசர் வெளியே விடும் ஆற்றல். அதில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை முடிவு செய்வது வெள்ளியின் மேற்பரப்பு. உங்கள் சிக்கல் முழுக்க அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 0.6 மில்லிமீட்டர் அகலம், 0.4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெள்ளி உருக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளி ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். அறை வெப்பத்திலிருந்து 962 டிகிரி வரை ஏற்றி உருக்க 0.4 ஜூல் போதும். நீங்கள் 10 ஜூல் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். பளபளப்பான வெள்ளி 1064 நானோமீட்டர் ஒளியில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே போவது 0.3 ஜூல். உருகவே அது போதாது.

அந்தக் கொஞ்சமும் அங்கேயே நிற்பதில்லை. ஒரு துடிப்பு (லேசர் ஒரு முறை அடிப்பது) நேரத்துக்குள் வெப்பம் எவ்வளவு தூரம் பரவும் என்பதை, வெப்பப் பரவுதிறனையும் நேரத்தையும் பெருக்கி, 4 மடங்காக்கி, வர்க்கமூலம் எடுத்துக் கணிக்கலாம். சுத்த வெள்ளிக்குப் பரவுதிறன் நொடிக்குச் சுமார் 170 சதுர மில்லிமீட்டர். 4 மில்லிசெகண்ட் துடிப்பில் வெப்பம் 1.6 மில்லிமீட்டர் ஓடிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அதே நேரத்தில் கால் மில்லிமீட்டர்தான். கொலுசுக் கம்பியே 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால், நீங்கள் சூடாக்குவது ஒரு புள்ளியை அல்ல, கண்ணி முழுவதையும்தான். 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) செம்பு கலந்திருப்பதால் இது சற்றுக் குறையும், ஆனாலும் தப்பிக்க முடியாது. 22 காரட் தங்கம் ஏன் ஒத்துழைக்கிறது என்றால், சுத்தத் தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் சேரும்போது வெப்பம் கடத்தும் திறன் நன்றாக விழுந்துவிடுகிறது.

அப்படியானால் ஓட்டை எப்படி விழுகிறது? திட வெள்ளி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. உருகிய வெள்ளி அதைவிட அதிகமாக ஒளியை விழுங்கும். ஒரு புள்ளி உருகத் தொடங்கிய கணமே உள்ளே போகும் ஆற்றல் ஏறுகிறது, அதனால் இன்னும் உருகுகிறது, இன்னும் விழுங்குகிறது. வாசலைத் தாண்டுவதற்காக நீங்கள் கூட்டி வைத்த ஜூல், வாசல் திறந்த பிறகு அளவுக்கு மீறியதாகிவிடுகிறது.

இனி உங்கள் கொலுசைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாலிஷ் போட்ட கண்ணி பளபளக்கும். பக்கத்துக் கண்ணியின் உட்புறம் கறுப்பேறி இருக்கும். கறுத்த வெள்ளி கூடுதலாக ஒளியை விழுங்கும். ஒரே அளவில் முதலாவது அசையாமல் இருப்பதும் இரண்டாவது துளைபடுவதும் இதனால்தான். ஆகவே முதல் வேலை, சேரும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது. கறுப்பை நீக்கி, 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். பாலிஷ் கடைசியில்தான். ஸ்பிரிட்டில் துடைத்து, காய்ந்ததும் சேரும் கோட்டின் மேல் கறுப்பு பெர்மனன்ட் மார்க்கரால் மெல்லியதாக ஒரு பூச்சு. அந்த மை முதல் துடிப்பிலேயே எரிந்துபோகும், ஆனால் வாசலைத் திறந்துவிட்டுப் போகும். தடிமனாகப் பூசினால் கரி உள்ளே சிக்கும்.

அளவுக்கு வருவோம். 1 மில்லிமீட்டர் கம்பிக்குப் புள்ளி 0.6 மில்லிமீட்டர், துடிப்பு 4 மில்லிசெகண்ட், ஆற்றல் 8 ஜூலில் தொடங்குங்கள். 8 ஜூலை 4 மில்லிசெகண்டால் வகுத்தால் 2 கிலோவாட், அதுதான் உச்சத் திறன். கழித்துப்போட்ட வெள்ளித் துண்டில், ஒவ்வொரு ஜூலாக ஏற்றிப் போங்கள். உருகிய புள்ளி வழவழப்பாக, நடுவில் லேசாகக் குழிந்து இருந்தால் சரி. சுற்றிலும் தெறிப்பும் நடுவில் கூரான குழியும் வந்தால் திறன் அதிகம். ஜூலைக் குறைப்பதற்கு முன் புள்ளியை 0.7க்கு அகட்டிப் பாருங்கள். பிடிக்காதபோது துடிப்பை நீட்டலாம் என்று எல்லோருக்கும் கை போகும். வெள்ளியில் அது வீண். நீளும் நேரத்தில் வெப்பம் கம்பி வழியே ஓடுவதுதான் மிச்சம். உச்சத் திறனைத்தான் கூட்ட வேண்டும். துடிப்பின் வடிவத்தை மாற்றும் வசதி உங்கள் மிஷினில் இருந்தால் முதல் 1 மில்லிசெகண்ட் உயரமாகவும் பிறகு பாதியாகவும் இறங்கும்படி வையுங்கள். ஓட்டைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அடிகள் ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்கு படியட்டும், வேகம் நொடிக்கு ஒரு துடிப்பு. அதற்கு மேல் போனால் கண்ணி சூடேறிக் கடைசி அடிகளில் சரிந்துவிடும். இடைவெளியை நிரப்ப 0.3 மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பி போதும். இடைவெளியோடு அடித்தால் ஒளி ஊடே போய்விடும்.

ஆர்கான் வாயு இல்லாமல் வெள்ளியில் கை வைக்காதீர்கள். உருகிய வெள்ளி ஆக்சிஜனை ஏராளமாக உறிஞ்சி, இறுகும்போது கக்கும். தேன்கூடு மாதிரி துளைகள் வருவதற்கு ஒரு காரணம் அது. நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர், குழாய் முனை ஒரு சென்டிமீட்டர் தூரத்தில். கூட்டினால் நல்லது என்று நினைத்துத் திறந்துவிட்டால் வாயு சுழன்று வெளிக்காற்றையும் இழுத்து வரும். பழைய பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்த இடத்தில் துளை வந்தால் காரணம் வேறு. பொடியில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலும், பழைய நகைகளில் வரும் காட்மியம் 767 டிகிரியிலும் கொதிக்கும். வெள்ளி உருகும் முன்பே அவை ஆவியாகி வெடிக்கின்றன. அந்தப் பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு அடியுங்கள். காட்மியப் புகை நுரையீரலுக்கு விஷம், புகை இழுக்கும் விசிறி கட்டாயம்.

தைப்பூசம் வருவது உங்கள் ஊரின் புழுக்கமான மாதங்களில். குளிர்விக்கும் நீரை 20 டிகிரிக்கு வைத்தால் லென்ஸின் மேல் வியர்க்கும், திறன் விழும், கண்ணாடியும் கெடும். 26, 27 டிகிரியில் வையுங்கள், மிஷின் கையேடு அனுமதித்தால். நீர் அயனி நீக்கியதாக இருக்கட்டும். வாங்கியது பழைய மிஷின் என்பதால் இன்னொன்று: விளக்கு தேயத் தேயத் திரையில் 10 என்று காட்டினாலும் வெளியே வருவது குறையும். ஒரே ஸ்டீல் தகட்டில் மாதம் ஒரு முறை ஒரே அளவில் அடித்துப் புள்ளியின் அகலத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதற்கு முன் முனையில் உள்ள பாதுகாப்புக் கண்ணாடியில் தெறிப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை போகும். வெள்ளி அதைக் கண்ணாடிபோல் திருப்புகிறது. பெட்டியின் கதவைத் திறந்து வைத்து அடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

ஃபைபர் லேசரால் ஒட்ட முடியாது. 20 வாட் மிஷின் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 1 மில்லிஜூல், 100 நானோசெகண்ட். அந்த நேரத்தில் வெள்ளியில் வெப்பம் 8 மைக்ரான்தான் போகும். மேல் தோல் கொதித்துப் பறக்கும். அடியில் உருகிய குளம் கட்டாது. பொறிப்பதற்கு அது வரம், ஒட்டுவதற்கு இல்லை. ஆனால் சேரும் கோட்டின் மேல் அதை ஒரு முறை மெல்ல ஓட்டினால் மேற்பரப்பு சொரசொரப்பாகிக் கறுக்கும். உப்புத்தாளும் மார்க்கரும் செய்யும் வேலையை அது ஒரே சீராகச் செய்யும்.