அரசு கடன் வாங்குவது தப்பில்லை என்றால், வருவாய்ப் பற்றாக்குறையை மட்டும் ஏன் பெரிதாகப் பேசுகிறார்கள்?

வீடு கட்டக் கடன் வாங்குவதற்கும் மளிகைக்குக் கடன் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பாலம் கட்டினால் பாலமாவது மிஞ்சும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய அன்றாடச் செலவுக்கே வரவு போதாவிட்டால் அதுதான் வருவாய்ப் பற்றாக்குறை.

2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21இல் தமிழ்நாட்டின் வருவாய்ப் பற்றாக்குறையை 61,320 கோடி ரூபாய் என்றது. கொரோனா ஆண்டு, சரி. ஆனால் 2013-14 முதலே ஆண்டுதோறும் பற்றாக்குறைதான்.

ஏன் சரிசெய்யவில்லை? கட்டணத்தைத் தொட்டால் ஓட்டு போய்விடும் என்ற பயம். 2014 டிசம்பருக்குப் பிறகு மின்கட்டணம் உயர்ந்தது 2022 செப்டம்பரில்தான். இடையில் மின்வாரியத்தின் கடன் ஏறிக்கொண்டே போனது. 2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணத்தை ஏற்றியதும் மாணவர்கள் சாலையில் இறங்கினார்கள், சில நாட்களிலேயே அரசு கொஞ்சம் குறைத்தது. (அவ்வளவு காலம் சும்மா இருந்துவிட்டு ஒரே அடியாக ஏற்றினால் வேறென்ன நடக்கும்?)

இன்னொரு சிக்கல்: 2017இல் ஜிஎஸ்டி வந்தபின், மாநிலம் தானாக ஏற்றி இறக்கக்கூடிய பெரிய வரிகளாக மிஞ்சியவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி ஆகியவைதான். டாஸ்மாக்கை மூடுவதில் ஆட்சிக்கு வருபவர்கள் காட்டும் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.