அடகுத் தங்கம், ஜெர்மன் மார்க், பர்மா வயல்: வாசகர் கேள்விகள்

1991-ல் நாட்டின் தங்கத்தை விற்றோமா, அடகு வைத்தோமா?

இரண்டும் நடந்தது. மே மாதம் 20 டன் தங்கம் ஸ்டேட் பாங்க் வழியாக ஒரு சுவிஸ் வங்கிக்குப் போனது. விற்பனைதான், ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு. ஜூலையில் ஏறக்குறைய 47 டன்னை லண்டனுக்கு விமானம் ஏற்றி, இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கினோம். கையில் இருந்த டாலர் சில வார இறக்குமதிக்குக்கூடத் தாங்காது என்ற நிலை. அதே ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள். 24-ம் தேதி மன்மோகன் சிங்கின் பட்ஜெட்.

பட்ஜெட்டைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அடகு விட்டுப்போன பயம். அப்புறம் ரிசர்வ் வங்கி, பாட்டி சிறுவாடு சேர்ப்பதுபோல டாலர் சேர்க்க ஆரம்பித்தது. 2009-ல் பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) விற்ற தங்கத்தில் 200 டன்னை ரொக்கம் கொடுத்து வாங்கும் அளவுக்குச் சேர்ந்தது.

டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சு எப்போது அவிழ்ந்தது?

1971 ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு. வெளிநாட்டு அரசுகள் ஒரு அவுன்ஸ் 35 டாலர் என்று தங்கமாக மாற்றிக்கொள்ளும் வசதியைத் 'தற்காலிகமாக' நிறுத்துவதாக அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் சொன்னார். இன்னும் நிறுத்தம்தான்.

ஜெர்மனியில் பணவீக்கத்தால்தான் ஹிட்லர் வந்தார் என்று படித்தேன். உண்மையா?

இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடும். தேதிகளைப் பாருங்கள். 1914-ல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். அந்த மாதமே ரெண்டன்மார்க் என்று புது நாணயம் விட்டு, பழைய ஒரு லட்சம் கோடிக்கு ஒன்று என்று கணக்கை முடித்துவிட்டார்கள். விலைவாசி அடங்கியது. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு விழுந்த ஓட்டு 2.6 சதவீதம்.

அப்புறம் வந்தது உலகப் பெருமந்தம். பிரதமர் ப்ரூனிங் சம்பளத்தை வெட்டினார், செலவை வெட்டினார், விலைகள் இறங்கின. வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தைத் தொட்டார்கள். 1932 ஜூலையில் நாஜி ஓட்டு 37 சதவீதம். வேலை போன வருடங்களை விட்டுவிட்டு, நோட்டைக் கூடையில் அள்ளிப்போன வருடத்தின் மேல் பழியைப் போடுகிறோம். 1923-க்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு கரைந்தது அப்போதுதான். ஆனால் அந்த வருடத்தின் நிஜமான வாரிசு, விலை ஏறினாலே பதறுகிற ஜெர்மன் மத்திய வங்கி.

எங்கள் தாத்தா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தார். ஜப்பான்காரன் வந்ததால்தான் எல்லாம் போச்சு என்பார்கள். சரியா?

பாதி சரி. 1942-ல் ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தது. ஆனால் சிக்கல் விழுந்தது 1930-ல்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நடத்திய வட்டிக்கடைகள் நிலத்தின் பேரில் கடன் கொடுத்தன. நிலத்துக்கு ஆசைப்பட்டு அல்ல. கடையை நடத்திய மேலாளுக்கும், அவருக்கு உதவியாளான அடுத்தாளுக்கும் வேண்டியது முதலும் வட்டியும் தவணைக்குத் திரும்புவது. வயலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய? மந்தத்தில் நெல் விலை மூன்று நான்கு வருடங்களில் பாதிக்கும் கீழே போனது. பர்மிய விவசாயியிடம் பணம் இல்லை, நிலம்தான் இருந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938-ல் 25 சதவீதம். பேரேட்டில் பார்த்தால் சொத்து. ஊர்க்காரன் கண்ணில், வெளியூரான் பிடுங்கிக்கொண்ட வயல். விடுதலைக்குப் பின், 1948-ல், பர்மா அரசு நிலத் தேசியமயச் சட்டம் கொண்டுவந்தபோது செட்டியார்களுக்காகப் பேச அங்கே ஆள் இல்லை.

எல்லாப் பணமும் வயலில் மாட்டிக்கொள்ளவில்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தார். மாட்டிக்கொண்டவர்கள் வீட்டுச் சாமான்களை இன்றும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். உங்கள் தாத்தாவின் கைப்பெட்டி மாதிரி ஒன்று அங்கே இருந்தாலும் இருக்கும்.