பாராசூட் உருகி ஒட்டிக்கிச்சா? வாடிங் பாருங்க

வணக்கம் சகோ, பொண்ணோட மாடல் ராக்கெட் நல்லா மேல போச்சு, ஆனா பாராசூட் உருண்டையா ஒட்டிக்கிட்டு மூக்கு தரையில குத்திடுச்சு, இனி வேணாம்னு அழுறான்னு எழுதியிருந்தீங்க. ப்ளீஸ், விட்டுறாதீங்க. உங்க ஏ8-3 இன்ஜின்ல கடைசி 3 தான் விஷயம், உந்துதல் முடிஞ்சு 3 செகண்ட் கழிச்சு உள்ள கொஞ்சம் வெடிமருந்து வெடிச்சு மூக்கையும் பாராசூட்டையும் வெளிய தள்ளும், அந்த சூட்டுலதான் பிளாஸ்டிக் உருகியிருக்கும். அந்த சூட்டை தடுக்குற, தீப்பிடிக்காத வாடிங் தாள் 3, 4 எடுத்து லேசா கசக்கி பாராசூட்டுக்கு கீழ போடுங்க, இறுக்கி அடைக்காதீங்க, சாதா டிஷ்யூ வேணவே வேணாம், எரியும். பாராசூட்ல பேபி பவுடர் தூவி, கிளப்புறதுக்கு கொஞ்சம் முன்னாடி மடிங்க. முந்தின நாளே மடிச்சு வச்சா மடிப்பு படிஞ்சு விரியாது.

1954ல அமெரிக்காவுல நெப்ராஸ்கால ஷூ கடை வச்சிருந்த ஆர்வில் கார்லைல் செஞ்ச மாடல் ராக்கெட்டும் பாராசூட்ல இறங்குனதுதான், இன்னிக்கும் எல்லாரும் அண்ணாந்து பாத்து காத்திருக்கிறது அந்த ஒரு 'டப்'புக்குத்தான். முதல் தடவ ஆரஞ்சு குடை விரிஞ்சப்ப என் பையன் மைதானம் முழுக்க ஓடுனான், அவன் எடுத்துட்டு வந்தப்ப குழாய்ல மருந்து வாசனை அப்படியே இருந்துச்சு. அடுத்த தடவ 15 அடி தள்ளி நின்னு பாப்பாவே பட்டனை அழுத்தட்டும்.