ரெக்சின் ரோலைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: மேலப்பாளையத்தில் ஆட்டோ சீட்டும் சோபா கவரும் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். முதல்முறையாகச் சீனாவிலிருந்து நேரடியாக ரெக்சின் வாங்கி, தூத்துக்குடி துறைமுகத்தில் இறக்கப் போகிறேன். சரக்கு அனுப்புபவர் இன்வாய்ஸில் ‘பியு லெதர், 3921’ என்று, அதாவது பாலியூரித்தேன் பிளாஸ்டிக், சுங்க வரிப் பட்டியல் எண் 3921 என்று போட்டிருக்கிறார். கிளியரிங் ஏஜென்ட் 5903 என்கிறார். ‘லெதர்’ என்று எழுதியிருப்பதால் தோலுக்கான 41-ஆம் அத்தியாயத்தில் சேர்த்துவிடுவார்கள் என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: நண்பர் சொன்னதை விட்டுவிடுங்கள். தோல் நாரை அரைத்து அழுத்திச் செய்த பண்டட் லெதர் என்றால்தான் 4115. ரெக்சினில் தோலே கிடையாது.

3921 பிளாஸ்டிக் தாளுக்கு, 5903 பிளாஸ்டிக் பூசிய துணிக்கு. மற்ற இருவரில் யார் சொல்வது சரி என்று இன்வாய்ஸை வைத்துச் சொல்ல முடியாது. சாம்பிளில் கை அகலத் துண்டு ஒன்றைப் புது பிளேடால் வெட்டி, வெட்டுவாயை லென்ஸில் பாருங்கள். மேல்பூச்சு மெழுகு மாதிரி கெட்டியாக இருக்கிறதா, பன் ரொட்டி மாதிரி பொடிப்பொடியாகக் காற்றறை தெரிகிறதா? பிறகு துண்டைத் திருப்பிப் பின்பக்கத் துணியைப் பாருங்கள்.

பூச்சு கெட்டியாக இருந்து, பின்னால் நெய்த துணியோ பனியன் துணியோ இருந்தால் 5903. ஏஜென்ட் சொன்னதுதான். பூச்சில் காற்றறை இருந்து, பின்துணி வெறும் வெள்ளையாகவோ ஒரே சாயமாகவோ இருந்தால், அந்தத் துணி பிளாஸ்டிக்குக்குப் பலம் கொடுக்க மட்டுமே ஒட்டியது என்று கொள்வார்கள், அது 3921. அதே காற்றறைப் பூச்சுக்குப் பின்னால் பிரஷ் செய்து ரோமம் எழுப்பிய துணியோ அச்சடித்த துணியோ இருந்தால் மறுபடி 5903-க்கே வந்துவிடும். சோபா ரெக்சினில் வழக்கு கிளம்பக்கூடிய இடம் இது. பின்துணியை விரல் நகத்தால் எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள், ரோமம் இருந்தால் எழும்பும்.

பூச்சு கெட்டியாக இருந்து, பின்பக்கம் நெசவோ பின்னலோ இல்லாமல், கடைகளில் தருகிற நான்-ஓவன் பை மாதிரி இருந்தால் இரண்டு எண்ணும் இல்லை. நான்-ஓவன் துணிக்கான 5603 பக்கம் போக வேண்டும். துணியின் இரண்டு முகத்தையும் பிளாஸ்டிக் முழுதாக மூடியிருந்தாலோ, 7 மில்லிமீட்டர் உருளையில் (ஒரு பென்சில் கனம்) கையால் சுற்றும்போது முறிந்தாலோ, அதுவும் 5903 ஆகாது, பிளாஸ்டிக்குக்கான 39-ஆம் அத்தியாயம்தான்.

5903-க்குள்ளும் ஒரு பொறி உண்டு. ‘செயற்கைத் தோல் துணி’ என்று பெயர் சொல்லியே இருக்கிற 5903 10 10, 5903 20 10 இரண்டும் பருத்தித் துணிக்கு மட்டும். பாலியஸ்டர் பின்துணி என்றால் பிவிசிக்கு 5903 10 90, பியுவுக்கு 5903 20 90.

பிவிசியா பியுவா என்று சந்தேகமா? செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ரெக்சினில் தொட்டு, திரும்ப நெருப்பில் காட்டுங்கள். சுவாலை பச்சையானால் பிவிசி. புகை நெஞ்சை அடைக்கும், வெளியே வைத்துச் செய்யுங்கள். மேல்தோல் பியு, அடியில் பிவிசி என்று கலந்தும் வரும். அதற்குக் கம்பி போதாது, ஆய்வக அறிக்கை வேண்டும்.

பியு என்று உறுதியானால் இன்னொரு செலவையும் கணக்கில் வையுங்கள். சீன பியு லெதருக்கு 2022-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (ஆன்டி-டம்பிங், அதாவது மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) போட்டார்கள். அது மீட்டர் கணக்கு. சரக்கின் விவரிப்பை வைத்தே விழும் வரி என்பதால், தலைப்பு எண்ணை மாற்றித் தப்ப முடியாது. இன்று அமலில் இருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் அறிவிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) எண் போடுவது சட்டப்படி உங்கள் பொறுப்பு. ஏஜென்ட் மேல் பழி போட முடியாது. தப்பாகிவிட்டால் சாதாரணமாக 2 வருடம் வரை, மறைத்ததாக முடிவு செய்தால் 5 வருடம் வரை பின்னோக்கி வரியும் வட்டியும் கேட்பார்கள். தொடர்ந்து வாங்கப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே தீர்ப்பு சொல்லும் சுங்க ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். மும்பையிலும் டெல்லியிலும் இருக்கிறது.

இந்த ஒரு சரக்குக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூச்சு எதனால் ஆனது, காற்றறை உண்டா, பின்துணி என்ன நார், நெசவா பின்னலா, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கண்டெய்னர் ஏறுமுன் ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு துண்டு கூரியரில் வரட்டும். ரோல் எண்ணை எழுதி ஏஜென்ட்டிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று.