ரத்தமா, வளர்ப்பா? இந்த வாரக் கடிதங்கள்

கே: மாமன் மகளைக் கட்டினால் குழந்தை குறையோடு பிறக்குமா? (வேலந்தாவளம்)

ப: பெரும்பாலும் பிறக்காது. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பிறவிக் குறையோடு பிறக்கத்தான் செய்கின்றன. மாமன், அத்தை மக்கள் கட்டினால் அது ஏறக்குறைய இரட்டிப்பு. தாய்மாமனையே கட்டினால் இன்னும் கூடும். குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவர் யாராவது இருந்தால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். பத்திரிகை அடித்த பிறகு என்னைக் கேட்காதீர்கள்.

கே: வீட்டில் தமிழ்தான். பையன் அங்கன்வாடிக்குப் போனதிலிருந்து மலையாளமே பேசுகிறான். ரத்தத்தில் தமிழ் இல்லையா? (கொழிஞ்சாம்பாறை)

ப: ரத்தத்தில் எந்த மொழியும் ஓடவில்லை. காதில் விழுவது வாயில் வரும். வீட்டில் தமிழை விடாதீர்கள், அவ்வளவுதான். இரண்டு வயதாகியும் எந்த மொழியும் வராவிட்டால் முதலில் காதைச் சோதியுங்கள்.

கே: உயரத்தில் 80 சதவீதம் பரம்பரையாமே. நாங்கள் இருவருமே குள்ளம். பையனுக்கு முட்டை, பால் என்று செலவழிப்பது வீண்தானே? (பாலக்காட்டுச் சித்தூர்)

ப: வயது, எடை, உயரம் இல்லாமல் எழுதாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? பையன் ஐந்து வயதா பதினைந்தா, ஒன்றும் தெரியவில்லை. சரி, அந்த 80-க்கு வருகிறேன். பார்த்தாலே எரிச்சல் வரும் எண் அது. பையனின் உயரத்தில் 80 பங்கு உங்களுடையது, மீதி சாப்பாட்டினுடையது என்று அர்த்தமே இல்லை. நன்றாகச் சாப்பிடும் ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் உயர வித்தியாசத்தில், மரபணுவால் வருவது எவ்வளவு என்ற கணக்கு அது. பாதிப்பேர் அரைவயிறாக இருக்கும் ஊரில் எடுத்தால் எண்ணே வேறாக இருக்கும். உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? ஒரே மூட்டை விதைநெல்லை ஆழியாற்றுத் தண்ணீர் பாயும் வயலிலும், வாய்க்கால் கடைமடையில் காயும் வயலிலும் போடுங்கள். கதிரைப் பார்த்துவிட்டு விதையைத் திட்டுவீர்களா? தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறு வருஷத்தில் சுமார் 20 செ.மீ. கூடியது. அதற்குள் மரபணு அவ்வளவு மாறாது. சாப்பாடும் சுகாதாரமும்தான் மாறின. முட்டையை நிறுத்தாதீர்கள். அடுத்த கடிதத்தில் வயதை எழுதுங்கள்.

கே: நானும் கணவரும் சிக்கிள் செல் கேரியர். முதல் குழந்தை நன்றாக இருக்கிறது. இனிப் பயமில்லையே? (அட்டப்பாடி)

ப: சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய். கேரியர் என்றால் நோய் இல்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர். இருவருமே கேரியர் என்றால், குழந்தைக்கு அந்த நோய் வர ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, புதிதாக. முதல் குழந்தை தப்பியது இரண்டாவதற்குக் கணக்கில் வராது. கர்ப்பமானதும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்.

கே: மூன்றும் பெண். என் பரம்பரைதான் காரணம் என்கிறார் மாமியார். (மூணாறு)

ப: ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்பவை எக்ஸ், ஒய் என்ற குரோமோசோம்கள். எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். அம்மாவிடம் எக்ஸ் மட்டும்தான். எக்ஸா ஒய்யா என்பது அப்பாவின் விந்தணுவில் வருவது. அதாவது, உங்கள் மாமியார் பெற்ற பிள்ளையிடமிருந்து.